கோடு எப்படி உயிர் பெறுகிறது? 'உல்ஃப்வாக்கர்ஸ்' வழியாகக் கைவரைவு அனிமேஷன்: ஓர் எளிய விளக்கம்

"இது கையால் வரைந்த படம்" என்று சொன்னதும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். கம்ப்யூட்டரே தொடவில்லையா? நொடிக்கு 24 ஓவியம் வீதம் முழுப் படத்தையும் உட்கார்ந்து வரைந்தார்களா? இரண்டுக்குமே பதில் 'இல்லை'. பதிலைக் கேட்டதும், "அப்படியென்றால் கையால் வரைந்தது என்பது வெறும் விளம்பரப் பேச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. அந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் இந்த வகைப் படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

விளக்குவதற்கு 2020இல் வெளிவந்த 'உல்ஃப்வாக்கர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் கில்கென்னி நகரில் 1999இல் தொடங்கப்பட்ட கார்ட்டூன் சலூன் என்ற ஸ்டுடியோவின் படம் இது. இயக்கியவர்கள் டாம் மூர், ராஸ் ஸ்டூவர்ட். கதை நடப்பதும் அதே கில்கென்னியில்தான், 1650ஆம் ஆண்டில். ஓநாய் வேட்டைக்காரரின் மகள் ராபின், காட்டில் மேவ் என்ற சிறுமியைச் சந்திக்கிறாள். மேவ் தூங்கும்போது அவளுக்குள்ளிருந்து ஓர் ஓநாய் எழுந்து போகும். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: இதில் கோடு தடித்ததா மெலிந்ததா, நேரானதா வளைந்ததா என்பதே கதையைச் சொல்கிறது.

நோட்டுப் புத்தகத்தின் மூலை

பள்ளி நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொம்மையைச் சற்றுத் தள்ளித் தள்ளி வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் பொம்மை ஓடும். அனிமேஷனின் அடிப்படை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஏன் ஓடுகிறது? பாடப்புத்தக விடை 'பார்வை நிலைப்பு': பார்த்த காட்சி கண்ணில் ஒரு கணம் தங்கி அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறதாம். காரணம் அது மட்டும்தான் என்றால், படங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கலங்கலாகத்தான் தெரிய வேண்டும். உண்மையில் வேலை செய்வது மூளை. ஒரு பொருள் இங்கே இருந்தது, உடனே சற்றுத் தள்ளி அங்கே இருக்கிறது என்றால், 'நகர்ந்திருக்கிறது' என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது. இதற்குத் தோற்ற இயக்கம் என்று பெயர். தள்ளி வரையும் தூரம் அதிகமாகிவிட்டால் அந்த முடிவு குலையும். ஒரு பொம்மை நகர்வதாகத் தெரியாது, இரண்டு பொம்மைகள் மாறி மாறித் தோன்றுவதாகத் தெரியும். ஆகவே ஓவியத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுகிறோம் என்பதுதான் அனிமேட்டரின் முதல் கவலை.

எத்தனை ஓவியம்?

திரையில் ஒரு நொடிக்கு 24 நிலைப்படங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். ஆனால் 24 ஃபிரேமுக்கும் 24 புது ஓவியம் தேவையில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்திக் காட்டினால் நொடிக்கு 12 போதும். இதை 'டூஸ்' என்பார்கள். ஃபிரேமுக்கு ஒன்று வரைந்தால் 'ஒன்ஸ்'. நடை, பேச்சு, கையசைவு போன்றவற்றுக்கு டூஸ் தாராளம். வேகமான பாய்ச்சல், கேமராவும் சேர்ந்து நகரும் இடங்கள் ஆகியவற்றுக்குத்தான் ஒன்ஸ் தேவைப்படுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 நிமிடப் படம் என்றால் 6,000 நொடி, அதாவது 1,44,000 ஃபிரேம். டூஸில் வரைந்தால் 72,000 ஓவியம். அதுவும் திரையில் ஒரே ஒரு கதாபாத்திரம் இருந்தால். ராபினும் மேவும் சேர்ந்து நின்றால் இருவரையும் தனித்தனி அடுக்கில் வரைய வேண்டும். ராபினின் பருந்தும் வந்தால் இன்னோர் அடுக்கு. பின்னால் ஓநாய்க் கூட்டம் ஓடினால் கணக்கு எகிறிவிடும். மறுபக்கம், ஒருவர் பேச மற்றவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஓவியங்கள் மிச்சமாகும். அதனால் "இந்தப் படத்துக்கு இத்தனை ஓவியம்" என்ற எண்ணை நீளத்தை வைத்து மட்டும் ஊகிக்க முடியாது.

இதுவரை பார்த்தது: 24 என்பது ஃபிரேம்களின் எண்ணிக்கை, ஓவியங்களின் எண்ணிக்கை அல்ல. பெரும்பாலும் நொடிக்கு 12 ஓவியமே ஓடுகிறது. அசைவை நிரப்பிக்கொள்வது பார்ப்பவரின் மூளை.

பேருந்து கிளம்பும் விதம்

நிறுத்தத்திலிருந்து பேருந்து கிளம்புவதைக் கவனியுங்கள். முதல் நொடியில் ஒரு முழம் நகரும், அடுத்த நொடியில் நாலு முழம், பிறகு விரையும். அடுத்த நிறுத்தம் நெருங்கும்போது அப்படியே தலைகீழ். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஆகும் மொத்த நேரம் 'டைமிங்'. அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு கணமும் கடக்கும் தூரம் 'ஸ்பேசிங்'. புதிதாக வரைகிறவர்கள் டைமிங்கை ஓரளவு பிடித்துவிடுவார்கள். கோட்டைவிடுவது ஸ்பேசிங்கில்.

கையால் செய்து பார்த்தால் நன்றாகப் பிடிபடும். ஒரு பந்து 16 செ.மீ. கீழே விழுவதை வரைய வேண்டும் என்று வையுங்கள். ஐந்து ஓவியம், நடுவில் நான்கு இடைவெளி. விழும் பொருளின் வேகம் சீராகக் கூடிக்கொண்டே போகும். ஆகவே சமமான கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும். கூட்டினால் சரியாக 16. எனவே பந்தின் மையத்தை மேலிருந்து 0, 1, 4, 9, 16 செ.மீ. புள்ளிகளில் வையுங்கள். டூஸில் ஓட்டினால் விழுவதற்கு 8 ஃபிரேம், அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நிஜத்தில் அரை மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து விழும் பந்துக்கு ஆகும் நேரம் அது.

இப்போது அதே ஐந்து ஓவியத்தை 0, 4, 8, 12, 16 என்று சமமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். நேரம் மாறவில்லை, தூரம் மாறவில்லை. ஆனால் பந்து விழாது; நூலில் கட்டி யாரோ இறக்குவது போல இறங்கும். எடை போய்விடும். கைவரைவுப் படத்தில் ஓர் ஓநாய் கனமாகத் தரையில் குதிப்பதும், காற்றில் மிதந்து வருவது போலத் தெரிவதும் இந்த இடைவெளிகளில்தான் முடிவாகின்றன.

கீ, பிரேக்டவுன், இன்பிட்வீன்

ஓர் அசைவை முதல் ஓவியத்திலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போனால் உருவம் மெல்ல மெல்லப் பெருத்துவிடும் அல்லது சுருங்கிவிடும். முப்பதாவது ஓவியத்தில் ராபினின் தலை முதல் ஓவியத்தைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் முக்கியமான நிலைகளை முதலில் வரைந்துவிடுவார்கள். இவை கீ ஓவியங்கள். ராபின் தன் குறுக்குவில்லை எடுக்கக் குனியும் நிலை ஒரு கீ, அதை நீட்டிக் குறிபார்த்து நிற்கும் நிலை இன்னொரு கீ.

இரண்டு கீகளுக்கு நடுவே எந்தப் பாதையில் போக வேண்டும் என்று காட்டும் ஓவியம் பிரேக்டவுன். இதன் அருமை தலையைத் திருப்பும்போது தெரியும். இடது பக்கம் பார்க்கும் முகம் ஒரு கீ, வலது பக்கம் பார்க்கும் முகம் மற்றொன்று. இரண்டுக்கும் சரிநடுவே அளந்து ஒன்றை வரைந்தால், மூக்கு முகத்தின் குறுக்கே ரயில் போல நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். நாம் அப்படித் திரும்புவதில்லை. பெரும்பாலும் மோவாய் கொஞ்சம் தாழ்ந்து வளைவாகப் போகிறது, பல நேரம் கண் இமையும் அந்த நொடியில் மூடித் திறக்கிறது. இந்த வளைவையும் இமைப்பையும் தீர்மானிப்பது பிரேக்டவுன்.

மீதமுள்ள இடங்களை நிரப்புபவை இன்பிட்வீன்கள். கீ வரைந்தவர் தாளின் ஓரத்தில் சிறு ஏணி போன்ற கோடு ஒன்றைப் போட்டு, எந்த இன்பிட்வீன் எந்தக் கீக்கு அருகில் விழ வேண்டும் என்று குறித்துத் தருவார். இதுதான் டைமிங் சார்ட். அதைப் பார்த்து வேறொருவர் வரைவார். ஒரே காட்சியில் பலருடைய கை படுவது இப்படித்தான். ஒரு படத்தை ஒரே ஓவியர் வரைந்தார் என்று பேசுவது இந்த மனிதர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது. இன்பிட்வீன் வரைகிறவரின் கை தளர்ந்தால் மிகச் சிறந்த கீகளும் வீணாகும்.

தவறு நேரும் இன்னோர் இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எல்லோருக்கும் நேர்வது. ஒருவர் நடக்கிறார், கேமரா அவரோடு போகிறது, பின்னணி பின்னோக்கி நகர்கிறது. பின்னணி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 4 மி.மீ. நகர்கிறது என்றால், டூஸில் வரைந்த பாதம் ஓவியத்துக்கு 8 மி.மீ. பின்னே போக வேண்டும். அப்படியே வரைந்தாலும், இரண்டாவது ஃபிரேமில் தரை நகர்ந்திருக்கும், பாதம் அதே இடத்தில் நிற்கும். விளைவு, எண்ணெய் சிந்திய தரையில் நடப்பது போல ஒரு நடுக்கம். பாதம் தரையில் பதிந்திருக்கும் ஓவியங்களை மட்டுமாவது ஒன்ஸில் வரைந்தால்தான் இது நீங்கும்.

சுருக்கமாக: கீ நிலையைச் சொல்கிறது, பிரேக்டவுன் பாதையைச் சொல்கிறது, இன்பிட்வீன் வேகத்தை உருவாக்குகிறது.

ஆசரியின் ஓநாய் மனிதர்கள்

இனி கதைக்கு வருவோம். இந்தப் படத்தின் கோடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு விடை நாட்டார் கதையில்தான் இருக்கிறது.

கில்கென்னி இருக்கும் பகுதிக்குப் பழைய பெயர் ஆசரி. அங்குள்ள சிலர் ஓநாயாக மாறுவார்கள் என்ற நம்பிக்கை இடைக்காலத்திலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. வேல்ஸைச் சேர்ந்த பாதிரியார் ஜெரால்டு, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். காட்டில் இரவு தங்கிய ஒரு குருவானவரிடம் ஓர் ஓநாய் வந்து மனிதக் குரலில் பேசுகிறது. தாங்கள் ஆசரியைச் சேர்ந்தவர்கள் என்றும், ஒரு துறவியின் சாபத்தால் ஏழாண்டுக்கு ஒருமுறை இருவர் ஓநாயாக வாழ வேண்டியிருக்கிறது என்றும் சொல்லி, சாகக் கிடக்கும் தன் துணைக்கு, உயிர் பிரியும் முன் செய்யும் கிறிஸ்தவச் சடங்கைச் செய்யக் கேட்கிறது. குருவானவர் தயங்கவே, பெண் ஓநாயின் தோலை விலக்கி உள்ளே இருக்கும் கிழவியின் உடலைக் காட்டுகிறது.

இன்னொரு மரபும் உண்டு. அதில் தோல் மாறுவதில்லை. உடல் வீட்டில் தூங்குவது போலக் கிடக்கும். உள்ளிருப்பவர் ஓநாய் உருவில் அலைவார். ஓநாய்க்குப் பட்ட காயம் கிடக்கும் உடலிலும் தெரியும். உடலை யாரும் இடம் மாற்றிவிடக் கூடாது. 'உல்ஃப்வாக்கர்ஸ்' பின்பற்றுவது இந்த மரபை. 'நாட்டார் கதையைத் தழுவியது' என்றால் ஒரு பழங்கதையை அப்படியே எடுத்துப் படமாக்கினார்கள் என்று பொருளல்ல. விதி மட்டும் பழையது. ராபினும் மேவும் அவர்களுடைய நட்பும் படத்துக்காகப் பிறந்தவை.

1650ஐத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் கில்கென்னி, அயர்லாந்து மீது படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படையிடம் சரணடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கில ஆட்சி ஓநாய்த் தலைகளுக்கு விலை வைத்தது. 1653இல் பெண் ஓநாய்க்கு 6 பவுண்டு, ஆண் ஓநாய்க்கு 5 பவுண்டு. காட்டை வெட்டி ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்பது அப்போதைய ஆட்சியின் திட்டமாகவே இருந்தது. நகரம் ஒருபுறம், காடு மறுபுறம். இந்தப் பிளவைத்தான் ஓவியர்கள் கோட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஓட்டுத் தையலும் மெஷின் தையலும்

தையல்காரர் முதலில் பெரிய பெரிய இடைவெளி விட்டு ஓட்டுத் தையல் போடுவார். அளவு சரியென்று தெரிந்த பிறகு மெஷினில் தைத்து, ஓட்டு நூலை உருவிவிடுவார். அனிமேஷனிலும் அதேதான். அனிமேட்டர் முதலில் வட்டமும் நீள்வட்டமுமாக உருவத்தைக் கட்டுவார். தலை ஒரு பந்து, மார்பு ஒரு முட்டை, நடுவே முதுகெலும்புக்கு ஒரு வளைகோடு. இது ரஃப். இன்னொருவர் அதன் மேல் ஒற்றைத் தெளிவான கோட்டை இழுப்பார். இது கிளீன்அப். வழக்கமாகக் கிளீன்அப் முடிந்ததும் ரஃப் மறைந்துவிடும்.

இந்தப் படத்தின் காட்டில் ஓட்டு நூலை உருவவில்லை. மேவின் முடியிலும் ஓநாய்களின் முதுகிலும் கட்டுமானக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. வட்டத்தைத் தேடிய கை, இரண்டு மூன்று முறை சுற்றிவந்த தடம் திரையில் இருக்கிறது. முதல் முறை பார்க்கிறவர்கள் சிலர் இதை முடிக்காமல் விட்ட வேலை என்று நினைக்கக்கூடும். முடித்த வேலைதான் அது. ரஃப் கோடுகளில் எதை வைப்பது, எதை அழிப்பது என்று ஓவியத்துக்கு ஓவியம் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவு. எல்லாவற்றையும் விட்டுவைத்தால் முகபாவமே தெரியாமல் போய்விடும்.

நகரத்துக்குள் வந்தால் எல்லாம் மாறுகிறது. கோடு தடிக்கிறது, கோணம் கூர்மையாகிறது. 17ஆம் நூற்றாண்டின் மர அச்சுப் படங்களின் சாயல் இது. மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அழுத்திய படங்களில், வண்ணத்தைத் தனியாக அச்சிடும்போது தாள் சற்று விலகினாலும் நிறம் கோட்டுக்கு வெளியே கசியும். படத்தில் நகரக் காட்சிகளில் நிறம் வேண்டுமென்றே அப்படி விலகியிருக்கிறது. வீடுகளும் தெருக்களும் பழைய நகர வரைபடம் போலத் தட்டையாக, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியது போல நிற்கின்றன. ஆழம் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை. ராபின் அங்கே கூண்டுக்குள் இருக்கிறாள் என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே கண் உணர்ந்துவிடுகிறது.

ராபினைத் தொடர்ந்து கவனியுங்கள். நகரத்துப் பெண்ணாக இருக்கும்போது அவளுடைய கோடு நகரத்தின் கோடு. காட்டோடு நெருங்க நெருங்க அது தளர்ந்து பென்சில் தடமாகிறது. வேறு எந்தக் கலையில் ஒரு மனம் விடுபடுவதை இவ்வளவு நேரடியாக, உருவத்தின் விளிம்பிலேயே காட்ட முடியும்?

இதிலொரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. ஒரே உருவத்தை இரண்டு முறை எவ்வளவு கவனமாக வரைந்தாலும் கோடுகள் மயிரிழை அளவு விலகும். ஓட்டிப் பார்க்கும்போது அசையாத உருவத்தின் கோடும் கொதிக்கும் நீர் போலத் துடிக்கும். இதற்கு 'பாயில்' என்று பெயர். சுத்தமான கோடுள்ள படத்தில் இது குறை. ரஃப் கோடுள்ள படத்தில் நேர்மாறு: எல்லாமே துடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஓவியத்தை இரண்டு நொடி நிறுத்தினால் அந்த உருவம் செத்துவிட்டது போல ஆகிவிடும். அதனால் சும்மா நிற்கும் உருவத்தையும் மூன்று முறை கையால் திரும்ப வரைந்து, அவற்றை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கும். அலட்சியமாகத் தெரியும் கோட்டுக்குத்தான் கூடுதல் வேலை.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

முன்பெல்லாம் தாளில் வரைந்ததை 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டில் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடிப்பார்கள். 1914இல் அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரிய முறை இது. பின்னணியை ஒருமுறை தீட்டினால் போதும், நகர்வதை மட்டும் மாற்றி மாற்றி வைக்கலாம். பெரிய மிச்சம்.

இன்று அந்தத் தகட்டின் இடத்தில் மென்பொருள். 'உல்ஃப்வாக்கர்ஸ்' அனிமேட்டர்கள் பெரும்பாலும் டிவிபெயின்ட் என்ற மென்பொருளில் திரை மேலேயே பேனாவால் வரைந்தார்கள். முந்தைய ஓவியம் மங்கலாகக் கீழே தெரியும். முன்பு விளக்குப் பெட்டி மேல் தாளை வைத்துப் பார்த்ததற்கு ஈடு இது. வண்ணம் நிரப்புவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் கம்ப்யூட்டரில்.

அப்படியானால் முப்பரிமாணப் படத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே ஒரு பொம்மையைக் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை செய்து, அதற்கு மூட்டுகளும் அவற்றை அசைக்கும் பிடிகளும் பொருத்துவார்கள். இந்த உள்கூட்டுக்கு 'ரிக்' என்று பெயர். அனிமேட்டர் நிலைகளைக் கொடுத்தால் இடைப்பட்டவற்றைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும். கைவரைவில் ரிக் இல்லை, கணக்கிடும் இன்பிட்வீன் இல்லை. ஒவ்வொரு நிலையையும் ஒருவருடைய கை புதிதாக வரைகிறது. பென்சிலா மின்பேனாவா என்பது இரண்டாம் பட்சம்.

ஓநாயின் பார்வை

இந்த வேறுபாடு கலங்குவது போலத் தோன்றும் ஒரே இடம், ராபின் ஓநாயாகி முதன்முதலில் உலகைப் பார்க்கும் காட்சிகள். இருட்டில் வாசனைகள் நிறத் தடங்களாக மிதக்கின்றன. அவளுடைய கண்ணாகவே கேமரா மரங்களுக்கிடையே பாய்கிறது.

இதை வழக்கமான முறையில் செய்ய முடியாது. வழக்கமாகப் பின்னணி ஒரே ஓவியம், நகர்வது உருவம் மட்டும். கேமரா காட்டுக்குள் புகுந்து ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு மரமும் இடமும் அளவும் மாறும். அப்போது பின்னணியையே அனிமேட் செய்தாக வேண்டும். இடப்புறம் மூன்று அடி தள்ளி நிற்கும் மரம் வேகமாகப் பெரிதாகி விலகும், தூரத்து மரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும். இந்த விகிதத்தை நூற்றுக்கணக்கான ஓவியங்களில் மனக்கணக்காகக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஓரிடத்தில் பிசகினாலும் காடு ரப்பர் போல இழுபடும்.

ஆகவே முதலில் கம்ப்யூட்டருக்குள் மெய்நிகர் காடு ஒன்றைக் கட்டி, அதற்குள் கேமரா ஓடும் பாதையை முடிவு செய்தார்கள். பிறகு அந்த ஃபிரேம்களைத் தாளில் அச்சிட்டு, அவற்றை வழிகாட்டியாக வைத்து, பென்சிலாலும் கரித்துண்டாலும் ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்தார்கள். கரியின் சொரசொரப்பும், தாளின் இழையும், கை தேய்த்த கறையும் திரையில் அப்படியே தெரிகின்றன. முழுப் படத்திலும் கம்ப்யூட்டர் முப்பரிமாணத்தின் துணை அதிகம் தேவைப்பட்ட காட்சிகள்தான், மின்பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாளில் கரியால் வரைந்த காட்சிகளும்.